நான்காவது பொத்தான்

மார்ச் கடைசியில்,
தௌகவா ஆற்றில் பனிக்கட்டி விரிசல்விட்ட வாரம்,
அலமாரியைத் திறந்தேன்.
அதுவே திறந்துகொண்டது என்பதுதான் சரி.
கம்பி வளைந்து
முப்பது வருடத்துத் துணி
என் தோளில் வந்து சாய்ந்தது,
குடித்துவிட்டு வந்த விருந்தாளி மாதிரி.

டிராம் டிப்போவில் வெல்டா சொல்லியிருந்தாள்:
"ஒரு வருடம் தொடாததை வெளியே போடு.
யோசிக்காதே. யோசித்தால் கெட்டாய்."
அவள் வீட்டில் இப்போது எதிரொலி கேட்கிறதாம்.
பெருமையாகத்தான் சொன்னாள்.

கட்டில்மேல் குவித்தேன்.
வைத்துக்கொள்ள ஒன்று, கொடுத்துவிட ஒன்று.
ஜன்னலோரம் தானாகவே வளர்ந்தது இன்னொன்று,
அதற்குப் பெயர் வைக்கவில்லை.

இடது கையுறைகள் ஒன்பது.
சில்லறை எண்ணவும் மூக்கைச் சிந்தவும்
கழற்றிய இடங்களிலேயே
வலதெல்லாம் ரீகா முழுக்கக் கிடக்கின்றன.
எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி.
பைகளால் நிறைந்த பை.
இடுப்பு இருபத்தெட்டு ஜீன்ஸ்,
முட்டிவரை ஏறியது,
அங்கேயே நின்று என்னை நிமிர்ந்து பார்த்தது.
ரைட்டிஸின் கல்யாணக் கோட்டு.
எங்கள் இருவரில்
கழித்துவிடத் தெரிந்தவன் அவன்தான்:
ஒரே பெட்டி, இருபது நிமிடம்.

எதைக் கையில் எடுத்தாலும்
வாய் முந்திக்கொண்டது:
இருக்கட்டும்.
எப்பவாவது உதவும், இருக்கட்டும்.
நல்ல துணி, இருக்கட்டும்.
காசு கொடுத்ததாயிற்றே, இருக்கட்டும்.
நாற்பத்தேழு சதுர மீட்டர் வீட்டில்
பாதியை அந்த ஒரு சொல் அடைத்திருந்தது.

பச்சைக் கோட்டை மட்டும் மூன்று தரம் குவியல் மாற்றினேன்.
டிராம் ஓட்டி வாங்கிய முதல் சம்பளம் அது.
நான்காவது பொத்தான் அறுந்து
ஆறு வருடமாய் நாளைக்குத் தைக்க இருந்தேன்.
வெல்டாவின் குரல் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு
மூட்டைக்குள் திணித்தேன்.

ஐந்து மாடி. லிஃப்ட் இல்லை.
பழைய துணிக் கடைக்காரன் எடை போட்டான்:
பதினேழு கிலோ.
என் கையெழுத்தைக்கூடக் கேட்கவில்லை.

அன்று இரவு ஊசி தேடி
பிஸ்கட் டப்பாவைத் திறந்தால்
மேலாக இருந்தது பச்சைப் பொத்தான்.
கோட்டைக் கொடுத்துவிட்டு
பொத்தானை வைத்துக்கொண்டவள் நான்.

கோடை வந்தது, போனது.
நவம்பர் மூடுபனியில் ஏழாம் எண் டிராம்,
சந்தை நிறுத்தம்.
முன்கதவால் ஏறினாள் ஒரு பெண், இருபது இருக்கலாம்,
கையில் காளான் கூடை.
அந்த முழங்கைத் தேய்மானம் எனக்குத் தெரியும்.
பொத்தான்கள் மூன்று பச்சை.
நான்காவது மஞ்சள்.
முட்டைக் கரு அளவு, அதே நிறம்,
சிவப்பு நூலில் தைத்து,
கொஞ்சமும் கூச்சமில்லாத மஞ்சள்.

மைக்கை எடுத்தேன்.
அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொன்னேன்.

மறுநாளிலிருந்து என் பொத்தான்
சீருடைப் பையில் என்னோடு வேலைக்கு வந்தது.
பாலத்தைத் தாண்டியது, திரும்பத் தாண்டியது.
ஒவ்வொரு நிறுத்தத்திலும்
நான் பச்சையைத் தேடினேன்,
சிக்னலில் அல்ல.

பதினோராம் நாள் ஏறினாள்.
கையைப் பைக்குள் விட்டேன். பிடித்தும்விட்டேன்.
கண்ணாடியில் பார்த்தால்
அவள் வெளியே எதையோ பார்த்தபடி
மஞ்சள் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்,
வேறெதற்கும் தேவைப்படாத இரண்டு விரல்களால்.
பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது.

"இருக்கட்டும்."

"என்னையா சொன்னீர்கள்?" என்றார்
இறங்க நின்ற மனிதர்.
கதவைத் திறந்துவிட்டேன்.

பொத்தான் இன்னும் பையில்தான் இருக்கிறது.
வெல்டாவிடம் சொல்லவில்லை.