முந்நூற்று நாற்பதாவது கம்பம்

ஓதம் திரும்புவதற்குள் நான்கு மணி நேரம்.
சேற்றின்மேல் பலகை விரித்து
பலகைமேல் இயந்திரத்தை நடத்திப்போய்
கம்பத்தின் கழுத்தில் சங்கிலி மாட்டி
அசைத்து அசைத்துப் பிடுங்குவேன்,
கடைவாய்ப் பல் மாதிரி.
சேறு லேசில் விடாது.
விடும்போது ஒரு சத்தம் வரும் பாருங்கள்,
முதல் நாள் எல்லோரும் சிரித்தோம்.
இருபதாவது கம்பத்துக்குப் பிறகு
யாருக்கும் அது கேட்கவே இல்லை.

நியூ ஜெர்சி. ஸ்டில்வெல் முனை.
நடுக்கடலில் போகிற கப்பலிலிருந்து
வீட்டுக்குப் பேச வேண்டுமென்றால்
குரல் இங்கே இறங்கித்தான் போகும்.
கூரை போன கட்டடத்தில் ஒரு பதிவேடு கிடைத்தது,
எலி தின்றது போக மிச்சம்.
'கார்மோரா. சமையல்காரர். ஏழு நிமிடம்.
முழுக் கட்டணம்.'
பக்கத்தில், கட்டத்துக்கு வெளியே, சாய்த்து:
'கடைசி மூன்று நிமிடம் இருவரும் பேசவில்லை.'
எழுதியவர் எல். கிரான்மர்.
அந்த வரியை யார் கேட்டார்கள்?

ஏன் போயும் போயும் இந்தச் சேற்றில் நட்டார்கள் என்றேன்,
மதியம் ரொட்டி தின்னும்போது.
உப்பு, என்றாள் மரைஸா டெக்கர், பறவைகளின் கணக்குப்பிள்ளை.
உப்பு ஊறிய மண்ணில் அலை வழுக்கிக்கொண்டு ஓடும்,
மேட்டில் நட்டால் பாதி வழியிலேயே மூச்சு வாங்கும்.

ஆக, வேலை செய்தது சேறு.
சம்பளப் பட்டியலில் அதன் பெயர் இல்லை.
எழுபது வருடக் கூலியாக அதற்குக் கிடைத்தது
கசியும் தார் எண்ணெய், துருவேறிய ஆணி,
வண்டி போவதற்காக நடுவில் கொட்டிய ஒரு மண் ரோடு.
ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓதம் போகவே இல்லை.
புல் வெளுத்து, தரை உட்கார்ந்து,
உவர்ச்சிட்டு முட்டையிடும் உயரத்துக்கு
இப்போது கடல் வந்துவிட்டது.
தப்பிப் பொரித்த குஞ்சுகளைப்
பருந்து பார்த்துக்கொண்டிருக்கும், கம்பத்தின் உச்சியில்,
நாற்காலி போட்டு.

மட்டி எடுக்கும் வெண்டல் ஆப்பிள்கேட்
தினமும் படகிலிருந்து கத்துவார்.
'மூன்றாவது கம்பமும் ஊர்த் தண்ணீர்த்தொட்டியும்
ஒரே கோட்டில் வந்தால் ஆழம்!
இனி எதைப் பார்த்துத் திரும்புவேன், உன் மூஞ்சியையா?'
ஜிபிஎஸ் இருக்கிறதே என்றேன்.
'போன வாரம் மணல்திட்டு நகர்ந்தது அதற்குத் தெரியுமா?'
கம்பத்துக்கும் தெரியாது.
நான் சொல்லவில்லை.

கடைசிக் கம்பத்தில் விராலடிப்பான் கூடு.
ஆகஸ்டில் காலியாகும் என்று தாளில் இருந்தது.
செப்டம்பர் பத்து. ஒரு குஞ்சு விளிம்பில் நின்று
இறக்கையை விரிக்கிறது, மடக்குகிறது,
நாளைக்குப் பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிடுகிறது.
மரைஸா நீளக் கழியில் கேமராவை உயர்த்திக் காட்டினாள்:
சுள்ளி, வலைத்துண்டு, நண்டுக்கூண்டின் நீலக் கயிறு,
அதற்குள் மூன்று முழம் செம்புக் கம்பி.
எடைபோட்டு ஒப்படைக்க வேண்டிய கம்பி.
முடிச்சில்லாமல், அப்படி ஒரு நிதானமாகப்
பின்னியிருந்தது.

வெள்ளிக்கிழமையோடு ஒப்பந்தம் முடிந்தது.
பலகைகளை அடுக்கினோம்.
முந்நூற்று முப்பத்தொன்பது குழிகள்.
ஓதம் வந்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்து நிரப்பியது.
ஒன்றில் அதற்குள் இரண்டு மீன்கள், விரல் நீளம்கூட இல்லை,
ஏதோ முன்பதிவு செய்திருந்தவை போல.

'முடிந்தது' என்ற கட்டத்தில் குறியிட்டேன்.
பிறகு கட்டத்துக்கு வெளியே, சாய்த்து:
'ஒன்று நிற்கிறது. குஞ்சு கூப்பிடுகிறது.
தண்ணீர்ப் பக்கமிருந்து பதில் வருகிறது.'

ஆப்பிள்கேட்டின் படகு
அந்த ஒற்றைக் கம்பத்தைப் பார்த்துத் திரும்பியது.
அது தப்பான கம்பம்.
தரை தட்டிக் கத்திக்கொண்டிருந்தார்,
நாங்கள் கயிறு எடுத்துக்கொண்டு போகும்வரை.