காணாக்கடி

வுப்பர்டாலில் இதற்குச்
செந்தட்டி நோய் என்று பெயர்.
உங்கள் மொழியில்? என்று கேட்டாள்
நர்ஸ் ஹில்ட்ருட்,
மருந்தை உள்ளங்கைக்குள் வைத்துக் குளிர் போக்கியபடி.
காணாக்கடி என்றேன்.
கடித்தது யாரென்று காணாததால்.

ரெண்டு வருஷம்.
பெல்ட் இறுகிய இடம், சாக்ஸ் பட்டை பிடித்த இடம்,
பணிமனையில் ஸ்பானர் அழுத்திய உள்ளங்கை,
எல்லாம் தடித்துத் தடித்து
நானே எனக்கொரு மேடுபள்ளம்.

எங்கள் பெயரைவிட இது நேர்மையானது என்றாள்.
மேற்கையைக் கிள்ளிப் பிடித்து
மெதுவாக இறக்கினாள்.
ஆயிரம் பேர் ரத்தத்திலிருந்து வடித்தது.
அரை மணி நேரம் இங்கேயே இரு,
உதடு வீங்கினால் கூப்பிடு.
முட்டை வடிவக் கடிகாரத்தைத் திருகி வைத்துவிட்டுப் போனாள்.

ஜன்னலுக்கு வெளியே
தொங்கு ரயில் ஆற்றின் மேல் போனது.
எதிர்க் கட்டடத்தில் பிளாஸ்மா கொடுக்க வரிசை.
காதில் பாட்டு மாட்டிய ஒரு பையன்
முழங்கை மடிப்பில் கட்டோடு வெளியே வந்து
நேரே ரொட்டிக் கடைக்குள் நுழைந்தான்.
அந்தக் காசுக்கு என்ன தின்றிருப்பான்?
எனக்கு இறால் ஆகாது.
அவனுக்கு ஆகுமோ என்னவோ.

நான்காம் ஊசிக்குப் பிறகு ஓர் இரவு
மூன்று மணிக்கு விழித்தேன்.
கை தானாக விலாவுக்குப் போனது.
தடிப்பில்லை.
நகத்துக்கு வேலையில்லை.
பழகிய தோஷம், கொஞ்சம் சொறிந்துகொண்டேன்.

பக்கத்தில் செண்பகவல்லி
அரைத்தூக்கத்தில் கேட்டாள்:
யாரது?

பார்த்ததில்லை என்றேன்.