புளிப்பு அளக்கிறவள்

சீசன் தொடங்கிவிட்டால் ஆலையில்
நாளுக்கு நாற்பது தடவை புளிப்பு அளக்கிறேன்.
பெங்களூரா என்றால் கொஞ்சம் கூட,
அல்போன்சா என்றால் கொஞ்சம் குறைய.
ஒரு சொட்டுக் கூழ், ஒரு கீற்றுத்தாள்.
நிறம் ஏறும்வரை மூச்சைப் பிடித்திருந்து
நோட்டில் எழுதுவேன்:
நாலு. நாலு. மூன்றரை. நாலு.

தலையில் வலைத்தொப்பி.
காலை ஆறு மணிக்கு அலசிய முடி
பதினொன்றுக்கே அதற்குள் பிசுபிசுத்துக் கிடக்கும்.
நெற்றியோரத்து ரப்பர் எண்ணெய் குடித்துக் கறுத்துவிட்டது.
"வடைச்சட்டியில தலைய விட்டியா?" என்பாள்
டின்னுக்கு மூடி போடும் ஷமீம்.

அதனால் தினமும் தலைக்கு ஊற்றினேன்.
தினமும் என்றால் தினமும்.
செவ்வாய் வெள்ளிக் கணக்கெல்லாம் எப்போதோ போயிற்று.
காவேரிப்பட்டணம் மாதேஷ் கடையில்
சரமாகத் தொங்கும் பச்சைப் பாக்கெட் ஷாம்பு
(மூலை கையால் கிழிந்ததே இல்லை, பல்லால்தான்)
ஒரு குளியலுக்கு இரண்டு, சில நாள் மூன்று.
போர் தண்ணீர் வேறு.
எங்கள் பக்கத்துக் குழாய்க்கெல்லாம்
வாயோரம் வெள்ளைத் தாடி.
அலசி முடித்து முடியை விரலால் உருவினால்
கிறீச்சென்று ஒரு சத்தம் வரும்.
எவர்சில்வர் தட்டு விளக்குகிறவள் மாதிரி
அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குத் திருப்தி.

மீட்டர் பழுது பார்க்க ஓசூரிலிருந்து ஆள் வந்த சனிக்கிழமை
மீந்த கீற்றுகளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.
திருட்டுதான்.

வீட்டுக் குளியலறையில்
பச்சை நுரையில் ஒன்றைத் தொட்டேன்.
தாள் பச்சையாகி, பச்சையைத் தாண்டி,
நீலத்தில் போய் நின்றது. ஒன்பது.
குழாய்த் தண்ணீர் எட்டு.
பிறகு ஏனென்று தெரியவில்லை,
நனைத்த கீற்று ஒன்றை
கழுவாத தலையில், வகிட்டின் மேல் ஒற்றினேன்.
ஐந்து.

பகலெல்லாம் நான் பார்க்கிற மஞ்சளுக்கு
அடுத்த கட்டத்து மஞ்சள்.

சோப்பு நீலத்தைவிட
மாம்பழத்துக்குத்தான் என் தலை நெருங்கிய சொந்தம்.
ஈரத் துண்டோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.
நான் உரிக்க உரிக்க
அது பதறிப்போய்ச் சுரந்திருக்கிறது போல.
இறைக்கிற கிணறு ஊறும் என்பார்கள்,
நல்லதுக்குச் சொன்னது.

ரவுண்டானா மெடிக்கலில் வாங்கிய பாட்டிலை
என் வீட்டுக்காரர் சென்றாயன் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
மணமில்லை. நிறமில்லை. இருநூற்று முப்பது ரூபாய்.
"நுரையே வராததுக்கா இவ்வளவு?" என்றார்,
நாள் பூராவும் லோடு அடித்து வந்த மனிதர்.
என்னிடம் பதில் இல்லை.
வாரத்துக்கு இரண்டு தடவைதான், மாசக்கணக்கில் வரும் என்றேன்.
அதை மட்டும் அவர் ஒப்புக்கொண்டார்.

ஊற்றாத முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை.
இரண்டாம் நாள் பர்கூர் பஸ்ஸில்
ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கி எழுந்தால்
கண்ணாடியில் என் வட்டம், மங்கலாக.
அடுத்த ஸ்டாப்பில் ஏறியவள் அதைப் பார்த்துவிட்டு
வேறு சீட்டுக்குப் போனாள்.
மூன்றாம் நாள் ஆடிட்.
வெளிநாட்டு ஆட்கள் நோட்டைப் புரட்டும்போது
அவர்கள் என் தொப்பியையே பார்ப்பதாகத் தோன்றியது.
அவர்கள் நாலு, நாலு, மூன்றரையைத்தான் பார்த்தார்கள்.
அன்றிரவு பச்சைப் பாக்கெட்டில் ஒன்றைக்
கடித்தேவிட்டேன். ஆனால் ஊற்றவில்லை.
நாக்கில் வெகுநேரம் கசந்தது.

ஆறாவது வாரமோ ஏழாவதோ, தேதி குறிக்கவில்லை,
தொப்பியைக் கழற்றும்போது
முடி தொப்பியோடு வராமல் தானாக விழுந்தது.
எண்ணெய் போய்விடவில்லை.
இரண்டாம் நாள் சாயங்காலம் மெதுவாக வருகிறது,
வேலை முடிந்து வருகிற ஆள் மாதிரி.
வரட்டும்.

விஷயத்தைச் சொன்னதும் ஷமீம் சிரிக்கவில்லை.
அக்கம்பக்கம் பார்த்துவிட்டு
"எனக்கும் ஒண்ணு குடு" என்றாள்.
கடைசிக் கீற்று.
சுவர்ப்பக்கம் திரும்பி, துப்பட்டாவைச் சற்றே விலக்கி,
தொட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.
என்ன நிறம் என்று
எனக்குக் காட்டவேயில்லை.