நான்கு விநாடி

ஃபஹாஹீலில் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து.
ஏசியிலிருந்து வாளியில் சொட்டும் நீரை
யாராவது ஒருவர் எண்ணிக்கொண்டிருப்பார்.
ஜெசிந்தா வீட்டு இஸ்திரி மேசைமேல்
மஜ்பூஸ் கட்டி வந்த காகிதத்தை விரித்து
ஏழு தீவு வரைகிறேன்.
நெய்க்கறை பட்ட இடத்தில் எட்டாவது, தானாக.

தொடரில் இந்தத் தீவுகள் வானத்தில் மிதக்கும்.
ஒவ்வொன்றையும் கடலடியோடு கட்டிவைத்திருக்கும்
ஒரு சங்கிலி.
வெள்ளிமுடிப் பையன் வாளை உயர்த்தினால்
காற்று வரும்.
ஒரு நாளைக்கு எத்தனை முறை?
இருபத்துநாலு பகுதியையும் நோட்டும் பேனாவுமாகப் பார்த்தேன்.
பின்னணி இசை உயரும்போதெல்லாம் வருகிறது.
இசைக்கு நான் என்ன விதி எழுத?

பகலில் எனக்குச் சுத்திகரிப்பு ஆலையில்
அனுமதிச் சீட்டு எழுதும் வேலை:
இன்னார், இன்ன குழாய், இத்தனை மணிவரை வெல்டிங்,
வாயு அளவு பூஜ்யம், தீயணைப்பான் இரண்டு.
அதே கையால் எழுதினால்
மந்திரமும் கையெழுத்து கேட்கிறது.
"காத்தைக் கூப்பிட சூப்பர்வைசர் ஒப்புதல் வேணுமா?"
சிரிக்கிறாள் ஜெசிந்தா.
இரவு ஷிஃப்ட் முடித்த நர்ஸ்,
கண்ணில் தூக்கம், கையில்
இருபது முகப் பகடை.

இருபது விழுந்தால் வெற்றி,
ஒன்று விழுந்தால் படுதோல்வி என்றேன்.
பருத்தித்துறைத் தவசீலன் பேனாவை மூடிவைத்தான்.
"ஒண்டு விழுந்தா தோல்வியோ? என்ன கதை இது?
தாயம் விழாமல் காய் எப்பிடி இறங்கும்?"
வாதம் இஷா பாங்கு வரை நீண்டது.
அடித்துத் திருத்தினேன்:
ஒன்று விழுந்தால் கையிலிருப்பது போகும்.
ஆனால் எங்கோ ஒரு வாசல் திறக்கும்.

வெள்ளிமுடிப் பையனை யாரும் எடுக்கவில்லை.
"அவன் சாக மாட்டானே.
அப்புறம் எதுக்கு உருட்டணும்?" என்றான் மைதீன் பிச்சை.
கிரேன் ஓட்டுகிறவன், கடையநல்லூர்.
ஒன்பதாம் பகுதியை ஓட்டி ஓட்டி
ஓரிடத்தில் நிறுத்தினான்.
"இவங்க யாரு?"

தீவுக்கு அடியில் ஒரு சுரங்கம்.
வரிசையாகச் சிலர் சங்கிலியை இழுத்துப் பிடித்திருக்கிறார்கள்.
நான்கு விநாடி.
முகம் வரைய ஓவியருக்கு நேரம் இருந்திருக்காது,
மூக்குக்கு ஒரு கோடு, அவ்வளவுதான்.
தலையில் துணி கட்டிய ஒருவன் மட்டும்
நம் பக்கம் திரும்புகிறான்.
திரும்பி முடிப்பதற்குள் காட்சி மாறிவிடுகிறது.

அன்று இரவு அவர்களுக்கு எண் கொடுத்தோம்.
மூச்சு பன்னிரண்டு. பிடி பதினேழு.
மூன்று மணிக்கொரு கைமாற்று.
கைமாற்றும் நேரத்தில் தீவு ஒரு சாண் சாயும்,
மேலே யாரோ ஒருவர் வீட்டில் பால் சிந்தும்.
"சங்கிலி போகாது, கொக்கிதான் முதல்ல தேயும்"
என்றான் மைதீன் பிச்சை, தினமும் எண்பது டன் தூக்குகிறவன்.
கொக்கிக்கு ஒரு தேய்மான அட்டவணை எழுதினேன்.
அனுமதிச் சீட்டுக் கை
முதன்முதலாகக் கூச்சப்படாமல் ஓடியது.
டிராகன் எதுவும் சேர்க்கவில்லை.
ஜன்னலில் அஹ்மதி ஆலையின் தீ எரிந்துகொண்டிருந்தது,
அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

ஆட்டம் தொடங்கியது.
மேலே எங்கேயோ பையன் வாளை உயர்த்துகிறான் என்றேன்.
இசை கேட்கவில்லை உங்களுக்கு. காற்று மட்டும் வருகிறது.
சங்கிலி வெட்டி இழுக்கிறது. பிடி உருட்டு.

தவசீலன்: பதினாலு.
மைதீன் பிச்சை: ஒன்பது, முழங்கை உரசிப்போச்சு.
ஜெசிந்தா கொட்டாவியை அடக்கி உருட்டினாள்.
பகடை மேசை விளிம்புவரை ஓடி
இஸ்திரிப் பெட்டியில் மோதி நின்றது.

ஒன்று.

அவள் கையிலிருந்து சங்கிலி போயிற்று.
"சரி, வாசல்?" என்றாள்,
தூக்கமெல்லாம் கலைந்து.
"எங்கே திறக்குது?"
மூன்று பேரும் என்னைப் பார்க்கிறார்கள்.

தொடரில் இதற்குமேல் ஒன்றும் இல்லை.
நெய்க்கறைமேல் விரலை வைத்தேன்.
அங்கே என்ன இருக்கிறதென்று எனக்கும் தெரியாது.
வாளி நிரம்பிவிட்டது,
யாராவது கொட்டிவிட்டு வாருங்கள் என்றேன்,
கொஞ்சம் நேரம் கிடைக்கட்டுமென்று.