இடது இணைப்பு

ஒட்டுசுட்டானில் கரண்ட் பத்தரைக்கு நிற்கும் என்றார்கள்.
அதற்குள் அறிக்கையை எடுத்து முடிக்கவேணும்.

நாலு அட்டவணை:
குளம், வாய்க்கால், வயல், வரி.
ஒவ்வொன்றும் தனக்கு மேலே இருப்பதன்
இலக்கத்தை மட்டும் மடியில் முடிந்து வைத்திருக்கிறது.

முதல் ஓட்டத்தில்
பாலைமுறிப்புக்குளம்
இருநூற்றுப் பதின்மூன்று தரம் வந்தது.
வயல் ஒவ்வொன்றும் வரும்போது
குளத்தையும் தூக்கிக்கொண்டு வருகிறது.
"இவ்வளவு குளம் இருந்தால், பிள்ளை,
சிறுபோகத்துக்கு ஏன் பங்கு பிரிக்கிறம்?"
வட்டவிதானை பாக்கியநாதர் சிரித்தார்.

திருத்தினேன்.
பெயர் மாறினால் மட்டும் எழுது.
ஒரு படி இறங்கினால் நாலு எழுத்துத் தள்ளு.

பாலைமுறிப்புக்குளம்
    இடதுகரை வாய்க்கால்
        வயல் 41  தில்லையம்பலம்  இரண்டு ஏக்கர்
        வயல் 42  எலிசபெத்து  ஒன்றரை
    வலதுகரை வாய்க்கால்

தாளில் தண்ணி இறங்கத் தொடங்கியது.

கூட்டுத்தொகைதான் உதைத்தது.
பெட்டியில் இருக்கும் காசு
தாளில் இல்லை.
சோடி கிடைக்காத வரிசையை
இணைப்பு சத்தமில்லாமல் விட்டுவிடும்.
பிழை என்றுகூடச் சொல்லாது.

வரியை இடப்பக்கம் வைத்தேன்.
மற்றது கிடைத்தால் வரட்டும்,
கிடைக்காட்டிலும் நீ வா.

வந்தது.
ஆறு போகம், ஆறு பற்றுச்சீட்டு,
எல்லாவற்றிலும் வயல் 117.
வயல் அட்டவணையிலோ
116க்குப் பிறகு 118.

"ஆர் கட்டினது?"
"118காரி. சூசைமுத்தன்ர பெண்சாதி.
தன்ர வரியோட அதையும் கட்டுவா.
விதைக்கிறேல்லை,
முறைத் தண்ணியை மட்டும் திறந்துவிடுவா.
கட்டாட்டில் பங்கு விட்டுப்போகுமெல்லோ."
"வயல் ஆற்ற?"
அவர் மின்விசிறியைப் பார்த்தார்.
"பழைய கொப்பியில் இருந்தது.
கொப்பி இல்லை."

வலதுகரையின் கீழே 117ஐச் சேர்த்தேன்.
உரிமையாளர் என்ற இடத்தை விட்டுவிட்டேன்.
அறிக்கை அந்த வெறுமையில்
தானாகவே 'இல்லை' என்று போட்டது.

நேரம் பத்து இருபது.
அந்த ஒரு சொல்லை எடுக்க
எங்கெங்கோ தேடினேன்.
இல்லை வேறு.
தெரியாது வேறு.
இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவன்
இந்தப் பக்கம் வந்திருக்கமாட்டான்.

அச்சு இழுத்து இழுத்து வந்தது.
மேலே வாய்க்கால், கீழே ஆறு சீட்டு,
நடுவில் ஒரு விரலளவு வெள்ளை.

பாக்கியநாதர் கூட்டிப் பார்த்தார்.
ஐந்து சதம் பிசகில்லை.
பேனையைத் திறந்து
தன் சின்னக் கொப்பியில் எழுதினார்:
சித்திரை ஒன்பது, விடியப்புறம்,
117க்கு முக்கால் மணித்தியாலம்.