கதிர்க்குருவி, ஒன்று

இரவுப்பணி முடிந்து காட்பாடிப் பேருந்தில் ஏறியவள்
பாலம் தாண்டியதும் விருதம்பட்டில் இறங்கிவிட்டேன்.
பாலாற்றில் தண்ணீர் இல்லை.
நாணல் இருக்கிறது. நாணலுக்குள்
வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் வாடகைக்குச் சண்டைபோடுவதுபோல்
ஒரு சத்தம் இருக்கிறது.

சாம்பல் கதிர்க்குருவி எளிது.
முதுகு அடுப்புச் சாம்பல், வயிறு பால் கூடிப்போன டீ,
கண் மட்டும் என் கண் மாதிரி, தூங்காத சிவப்பு.
எழும்பும்போது
ஈரக்கையால் ஸ்விட்ச் தட்டியதுபோல் இறக்கையில் பட்பட்டென்று பொறி.
இலை இரண்டைத் தைத்து உள்ளே குடித்தனம்.
முட்டை செங்கல் நிறம்.

வெற்றுக் கதிர்க்குருவி—
பெயர் வைத்தவருக்கு அன்றைக்கு என்ன சலிப்போ.
காய்ந்த புல் நிறம், வெளுத்த புருவம்.
பாட்டு என்று சொல்லக் கூச்சமாயிருக்கிறது:
வெட்டுக்கிளி ஒன்று துருப்பிடித்த சைக்கிள் மிதிக்கிறது.
ஆனால் புல்லைக் கிழித்துக் கிழித்து அது பின்னுகிற பை
ஆடிக் காற்றுக்கும் அவிழாது.

இதெல்லாம் வளர்ந்தவற்றுக்கு.

இன்று தண்டில் தொற்றிக்கொண்டிருந்தது
கூட்டைவிட்டு வந்து நான்கு நாள்கூட ஆகாத ஒன்று.
வால் பாதி. வயிறு மஞ்சள்.
சாம்பலும் இல்லை, சொல்லும்படி புருவமும் இல்லை.
செல்போனில் பிடித்து முபீனாவுக்கு அனுப்பினேன்.
'சாம்பல்' என்றாள்.
ஒரு நிமிடம் கழித்து, 'இரு, அலகைப் பார்க்கணும்.'
அப்புறம் தூங்கிப்போயிருப்பாள், அவளுக்கும் இரவுப்பணி.

விடியவிடிய இதே வேலைதான் எனக்கு.
ஊதாச் சாயம் ஏறிய கண்ணாடித் தகட்டில்
வைவாக்ஸா, ஃபால்சிபாரமா.
ஒரே குடும்பம், ஒரே கொசு,
கல் வைத்த மோதிரம்போல் ஒரே வளையம்.
இரண்டேகாலுக்கு வந்தான் ஒடுகத்தூர்ப் பையன்,
பல் கிட்டும் குளிரோடு.
மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.
அங்கே 'இருக்கலாம்' என்று எழுத முடியாது,
மருந்து வேறு.

நாணலில் யாரும் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கவில்லை.
தாய் வந்தது, வாயில் பச்சைப் புழு.
அதன் கண்ணைப் பார்த்திருந்தால் போதும்,
முதுகைப் பார்த்திருந்தாலே போதும்.
நான் குஞ்சின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்:
தலையைவிடப் பெரிதாய்த் திறந்த
அந்த மஞ்சள் ஓரம்.
நிமிர்வதற்குள் தாய் போய்விட்டது.

நோட்டில் எழுதினேன்:
கதிர்க்குருவி, ஒன்று. ஏழு பத்து.
இனத்துக்கு விட்ட இடத்தில் ஒரு கோடு.

இந்நேரம் பையனுக்கு மருந்து ஏறியிருக்கும்.
அடுத்த பேருந்தில்
ஜன்னலோரம் இடம் கிடைத்தது.