இரண்டு வரி இடம்

‘தொடர்ந்து தங்க விரும்புவதன் காரணம்.’
இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள்.
முதல் வரியில் வேலை என்று எழுதினேன்.
இரண்டாவது
காலியாகக் கிடக்கிறது.
என் டோக்கன் ஆயிரத்து நாற்பத்தேழு,
திரையில் இப்போதுதான் தொள்ளாயிரத்துச் சொச்சம்.

வேலை பொய்யில்லை.
பாயான் லெப்பாஸில் சில்லுகளைச் சூடேற்றி
எது முதலில் சாகிறது என்று பார்க்கிறவள் நான்.
அதே சூட்டை ஓசூரிலும் ஏற்றலாம்;
சம்பளம் கொஞ்சம் குறையும், காய்கறி மலியும்,
விமான டிக்கெட் மிச்சம்.

ஓசூரில் வீடு பார்க்கப் போன அன்று
வீட்டுக்காரர் நல்ல மனிதர், மோர் கொடுத்தார்.
“கோவில்பட்டியா? நம்ம மச்சான் அங்கேதான்.
கோவில்பட்டியில எந்தத் தெரு?”
சொன்னேன்.
டம்ளரைத் தனியே எடுத்து வைத்தார்கள்.
வீடு, திடீரென்று,
சொந்தக்காரப் பையனுக்கு வேண்டியிருந்தது.

இங்கே மட்டும் என்ன, ஆரத்தியா எடுத்தார்கள்?
பினாங்கில் ஏழு வீடு.
ஆறு, போனில் என் பெயரைச் சொன்னதும்
நேற்றே வாடகைக்குப் போய்விட்டன.
ஏழாவது வீட்டுக்காரி நேராகவே சொன்னாள்,
இந்தியர் வேண்டாம்.
தெரு கேட்கவில்லை. அவ்வளவு தூரம் போகவே இல்லை.
அன்றிரவு லெபோ பசாரில்
தே தாரேக் ஆறுகிறவரை கணக்குப் போட்டேன்:
அங்கே உள்ளே கூப்பிட்டு, உட்கார வைத்து, அனுப்பினார்கள்.
இங்கே வாசலோடு.
எது மலிவு?
கணக்கு இன்றைக்கும் நேராகவில்லை.

எட்டாவது வீடு மேடம் சியாவுடையது.
ஆயர் ஈத்தாம், பன்னிரண்டாம் மாடி.
இரண்டு மாத டெபாசிட் இருக்கிறதா,
கருவாடு பொரிப்பாயா,
பொரித்தால் எனக்கும் கொடுப்பாயா.
ஜாதகம் பார்த்தது அவ்வளவுதான்.

கீழே காவலுக்கு இருக்கும் தில்பகதூர்
நேபாளத்து மலாயில் கேட்பான், சாப்பிட்டாச்சா என்று.
இல்லை என்றால் கோபம் வரும் அவனுக்கு.
நாலாம் மாடி ஃபரிடா என் தீபாவளி முறுக்கை
ஊரறியத் திருத்தினாள்: உப்பு போதாது.
தைப்பூசத்துக்கு என் இரவு ஷிஃப்டை
கேட்காமலே ஹொக் எங் எடுத்துக்கொண்டான்;
சீனப் புத்தாண்டுக்கு அந்தக் கடனைத் தீர்த்தேன்.
இதையெல்லாம் எழுதினால்
சுற்றுலா விளம்பரம் மாதிரி இருக்கும்.
நம்ப மாட்டார்கள்.
எனக்கே, ஏழு வீட்டை நினைக்கும்போது, பாதி நம்பிக்கைதான்.

வேறொன்று இருக்கிறது.
வந்த முதல் வருஷம், அவர்களுடைய ஏழாம் மாதம்.
சந்தைத் திடலில் மேடை,
முகமெல்லாம் சாயம் பூசிய கூத்துக்காரர்கள்.
முன்வரிசையில் சிவப்பு நாற்காலிகள்,
ஒன்றில்கூட ஆளில்லை.
பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்கள்.
போய் உட்கார்ந்தேன்.

‘ஐயோ’ என்பதை ஹொக்கியனில் எப்படிச் சொல்வது என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
மேடையில் ஒரு ராணி வசனத்தை விழுங்கினாள்.
மேடம் சியா ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள்:
“அது அவங்களுக்கு.
வீடில்லாம, பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாம
அலையறவங்களுக்கு.
நீ இன்னும் சாகலையே.”
சிரித்தாள். பெஞ்சில் நகர்ந்தாள்.
பக்கத்தில் இருந்தவரையும் முழங்கையால் நகர்த்தினாள்.
“உயிரோட இருக்கறவங்க இங்க.”

அரை ஆள் இடம்.
என்னில் பாதி பெஞ்சுக்கு வெளியேதான் இருந்தது.
ஒரு சொல் புரியாத கூத்தை
கடைசி விளக்கு அணையும்வரை பார்த்தேன்.
முன்னால் அந்த நாற்காலிகளும்
பார்த்துக்கொண்டிருந்தன.

ஆயிரத்து நாற்பத்தேழு.
கண்ணாடிக்குப் பின்னால் புவான் ரொஸ்மாவாத்தி
ஃபார்மைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
இரண்டாவது வரியில் அவர் கண் நிற்கவில்லை.
புகைப்படத்தில் பின்னணி வெள்ளையாம், நீலம் வேண்டுமாம்.
நாளைக்கு வா.

வரேன் என்றேன்,
வாய் தவறித் தமிழில்.
தலையாட்டிவிட்டு
பேனாவைத் திருப்பிக் கேட்டார்.